கோயில் பேட்ச்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் இடது முன்கால் ஆடும். தச்சரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நான் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, கால் நன்றாகத்தான் இருக்கிறது, தரைதான் பள்ளம் என்று சொல்லிவிட்டுப் போனார். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் பேசும்போதெல்லாம் நான் தலையை ஆட்டி ஆட்டிப் பரிவோடு கேட்பதாகக் காரைக்காலில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆடியது நாற்காலி. பெயர் எனக்கு.

அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்காகவும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியிலிருந்து கேட்டார்கள். கணினி வேலையை நான் எழுத முடியாது. ஓய்வுபெறும் நாள்வரை, அச்சடிக்க வேண்டிய இடத்தில் அழிக்கிற பொத்தானை அழுத்தியவன் நான். சான்றிதழ், கட்டணம், சீருடை அளவு எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கே கைவந்துவிடும். கைவராத ஒன்று உண்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அப்பாவும் அம்மாவும் மகளோடு உட்கார்ந்து, இந்தப் பள்ளியா வேறு பள்ளியா என்று மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருக்கும்போது, நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிக்கு மகளைச் சேர்க்க வருபவர்களைக் கவனித்துப் பாருங்கள். அப்பா வாசலிலேயே நின்று மதில் சுவரின் உயரத்தைப் பார்ப்பார். அம்மா உள்ளே வந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிள்ளை இரண்டையும் பார்க்காது. மைதானத்தில் யார் யார் ஜோடி போட்டு நடக்கிறார்கள், புதிதாக வந்தால் தனக்கு யாராவது கிடைப்பார்களா என்று பார்க்கும். மூன்று பேரும் மூன்று பள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாம் நான்காவதாக ஒரு பள்ளியை விளக்கிக்கொண்டிருப்போம்.

“கண்டிப்பு எப்படிங்க?” என்று கேட்பார்கள். எல்லோரும் கேட்பது அதுதான். நான் சேர்ந்த புதிதில், “ரொம்பக் கண்டிப்புங்க” என்று ஒரே பதிலை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அதைக் கேட்டு ஓர் அம்மாவின் முகம் மலர்ந்தது. அதே நாள் மதியம் அதே பதிலைக் கேட்டு இன்னொரு அம்மாவின் பக்கத்தில் நின்ற பெண் அழ ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பழைய பள்ளியில் கை வீங்க அடி விழுந்திருந்தது. ஒரே கேள்வி, வந்தது இரண்டு வெவ்வேறு இடத்திலிருந்து. கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். நம் பதில் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆனது. அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

பள்ளி திறந்த முதல் வாரம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்து, ஓர் இடம் காலியானது. காத்திருந்தவர்களில் முதலில் இருந்தது கோவில்பத்துப் பகுதியில் குடியிருக்கும் ஒரு குடும்பம். தகவல் சொன்ன மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

அப்பா வளைகுடாவில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. விடுமுறைக்கு வந்திருந்தார். நிதானமான மனிதர். அவரை நான் பாய் என்று கூப்பிட்டேன், அவர் என்னை சார் என்றார். அம்மா நம் பள்ளியின் பழைய மாணவி. மகள் எட்டாவது வரை இருந்த பள்ளியில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. அதனால்தான் இந்தத் தேடல். நம் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் சென்னையில் அப்பாவின் அக்கா வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். அங்கேயும் ஒரு பெண்கள் பள்ளியில் பேசிவைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவே கூட்டிப்போய் விட்டுவிடுவதாக ஏற்பாடு.

“எங்க லாத்தா தங்கமா பாத்துக்குவாங்க சார். ஆனா இங்க இவ உம்மா தனியா ஆயிருவாங்க. இவ இருந்தா அவங்களுக்கு இவ துணை, இவளுக்கு அவங்க துணை” என்றார் பாய்.

மகள் உம்மாவின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சென்னைக்குப் போகிற பிள்ளையா, இங்கேயே இருக்கிற பிள்ளையா என்று அன்று அவளுக்கே தெரியாது.

பாய் கேள்விகளை யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு வரலாமா? வரலாம். வெள்ளிக்கிழமை மதியம் கொஞ்சம் முன்னதாகச் சாப்பிடலாமா? ஏற்பாடு உண்டு. ஞானோபதேச வகுப்பு? அது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும், மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் நன்னெறி. கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, “தப்பா நெனைக்காதீங்க சார். புள்ளைங்களைக் கோயிலுக்கு ஏதும் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் மாதா கோயிலை. நான் நெஞ்சில் கை வைத்தேன். நாற்காலியும் ஓர் ஆட்டம் ஆடியது.

“பாய், நானே பெருமாளைக் கும்பிடுறவன். இத்தனை வருஷமா இங்க இருக்கேன். என்னை ஒரு நாள் வான்னு கூப்பிட்டது இல்லைங்க. புள்ளைங்களை எதுக்குக் கூப்பிடப் போறாங்க.”

அவர் சிரித்தார். முகம் தெளிந்துவிட்டது. அம்மாவும் மகளும் மைதானத்தைப் பார்க்க வெளியே போனார்கள். அங்கே பிள்ளைகள் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெண்ணின் கால் இங்கே நிற்கவில்லை. எழுந்திருக்கும்போது பாய், சாயங்காலம் பிள்ளை எப்படி வீடு வரும் என்று கேட்டார். நானும் எழுந்து, கைகூப்பி, என் சேவையின் உச்சத்தில் நின்று சொன்னேன்:

“அதைப் பத்திக் கவலையே படாதீங்க பாய். பெல் அடிச்சதும் தினமும் கோயில் பேட்ச்ல சேத்துருவோம். ஒரு நாள்கூடத் தவறாது. சிஸ்டரே நேர்ல நின்னு பாப்பாங்க.”

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரிங்க. யோசிச்சுச் சொல்றோம்” என்றார்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக் கேன்டீனில் ஒரு டீ சொன்னேன். கூடவே ஒரு பஜ்ஜியும்.

மறுநாள் மதியம்வரை அவர்கள் வரவில்லை. அவர்களுக்கு அடுத்து காத்திருந்தது ஒரு பிரெஞ்சு பென்ஷன் தாத்தாவின் பேத்தி. காலையிலிருந்தே அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான் சார் இல்லை, முசியே.

“முசியே, அந்த ஊட்டுக்காரங்க வந்தாங்களா?”

“இன்னும் இல்லைங்க ஐயா.”

“வரமாட்டாங்க முசியே. யோசிச்சுச் சொல்றோம்னாலே அதுக்கு அர்த்தம் வேற. நான் பொண்ணு பாக்கப் போன எல்லா ஊட்டுலயும் அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்.”

தலைமையாசிரியையிடம் போனேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவர் அந்த சிஸ்டர். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒரு பழக்கம். பெற்றோர் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று சொன்னால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டார்.

“கடைசியா நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டார்.

“நல்லதாத்தான் சிஸ்டர் சொன்னேன். எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். சிரிச்சுட்டுத்தான் இருந்தாரு. திடீர்னு யோசிக்கிறோம்னுட்டாரு.”

“திடீர்னுன்னா அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்கும். தேடிப் பாருங்க. நாளைக்குக் காலையில முதல் பெல் வரைக்கும் சீட்டு அவங்களுக்குத்தான். அதுக்கப்புறம் தாத்தா வீட்டுக்குக் குடுத்துருங்க. அதுவும் புள்ளைதானே.”

தேடினேன். முந்தின நாள் பேசியதை எல்லாம் எனக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நான் அழகாகத்தான் பேசியிருந்தேன். என் நடிப்பை நானே ரசித்துக்கொண்டிருந்ததில் மாலை மணி அடித்துவிட்டது.

நம் பள்ளியில் பிள்ளைகளை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்புவது உங்களுக்குத் தெரியும். அப்போது கேட்டில் நின்று கூப்பிடும் ஆயாவுக்கு வெண்கலக் குரல். போலகம் பக்கம் போகிறவர்கள் போலகம் பேட்ச். கடற்கரைப் பக்கம் கருக்களாச்சேரி. அது வாயில் நுழையாததால் கருக்கு பேட்ச். கோவில்பத்து வண்டிக்குப் போகிறவர்கள்...

“கோயில் பேட்ச், கோயில் பேட்ச், எல்லாம் வரிசையா வாங்க.”

தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றுதான் முதல் தடவையாக என் காதில் விழுந்தது. பாயின் காதோடு கேட்டேன்.

கோயில் என்றால் எனக்கு எங்கள் தெருப் பெருமாள் இருக்கும் இடம். சிஸ்டர்களுக்கு மாதா இருக்கும் இடம். சாயங்காலம் மணி அடித்த பிறகு எங்கள் எல்லோருக்குமே அது பத்தைத் தொலைத்த கோவில்பத்து. இந்த மூன்றாவது அகராதி கேட்டுக்கு வெளியே இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணின் உம்மா படித்த காலத்தில் வண்டியும் இல்லை, பேட்சும் இல்லை. பாய்க்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூப்பிடவே மாட்டோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்ன அதே ஆள், எழுந்து நின்று, தினமும் தவறாமல் கோயில் பேட்சில் சேர்ப்போம், சிஸ்டரே நின்று பார்ப்பார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். அவர் என் பள்ளிக்குப் பயப்படவில்லை. இவன் இவ்வளவு கூசாமல் புளுகுகிறானே என்று என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்.

சிஸ்டரிடம் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. என் உடம்புக்கு வேகமாக நடந்தேன். கேட்டதும் அவர் முதலில் சிரித்துத் தீர்த்தார். பிறகு, “போன் பண்ணாதீங்க. நேர்ல போங்க” என்றார்.

“போய் விஷயத்தைச் சொல்லிடறேன் சிஸ்டர். நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க பாய்னு...”

“அதை மட்டும் சொல்லிடாதீங்க.”

“வேற எப்படிச் சொல்றது?”

“எனக்கும் தெரியல. ஆனா தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா, நீங்க சந்தேகப்பட்டீங்கன்னு அவர் பொண்டாட்டி புள்ள முன்னாடி சொல்ற மாதிரி ஆயிரும். அவர் இல்லவே இல்லம்பாரு. இல்லன்னு சொன்னப்புறம் சேக்க வந்தா சந்தேகப்பட்டதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், அதனால வரமாட்டாரு. புள்ளை சென்னைக்குப் போயிரும்.”

பாருங்கள், நான் கதவைத் திறக்கிற அவசரத்தில் இருந்தேன். அந்த வீட்டு மனிதர் தலை குனியாமல் அதன் வழியாக வெளியே வர முடியுமா என்று சிஸ்டர் பார்த்தார். அலுவலக வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அது. அதை எப்படிச் செய்வது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற மேலதிகாரி கிடைப்பதும் அபூர்வம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவில்பத்துக்குப் போனேன். வழி கேட்டுக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். தெருமுனையில் குழாய் போடத் தோண்டிப்போட்டிருந்தார்கள். வண்டியை மளிகைக் கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து போனேன்.

வாசலைத் தாண்டியதும் கூடத்தில் கண்ணில் பட்டது ஒரு பெட்டி. நீலப் பெட்டி, சக்கரம் வைத்தது. அதன் மேல் அந்தப் பெண் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், ஜிப் மூட. அன்றிரவு சென்னை பஸ்.

“வாங்க சார், வாங்க. உக்காருங்க” என்றார் பாய். குரலில் ஒரு குறையும் இல்லை. “உங்களுக்கு நாங்களே சொல்லி அனுப்பியிருக்கணும். மன்னிச்சுக்கங்க. சென்னையிலயே படிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம்.”

“ஏங்க பாய், எங்ககிட்ட ஏதாவது...”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. ரொம்ப நல்ல ஸ்கூல். லாத்தா ஆசைப்படறாங்க, அவ்வளவுதான்.”

உள்ளே கதவோரத்தில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். லாத்தா ஆசைப்படுகிற விஷயம் அவருக்கே அப்போதுதான் தெரிகிறது போலிருந்தது. தட்டில் இறால் வைத்துப் பொரித்த வாடாவும் டீயும் வந்தன. எனக்கு ஒரு கெட்ட குணம், நெருக்கடியில் பசிக்கும். முதல் வாடாவைச் சாப்பிட்டுக்கொண்டே மழையைப் பற்றிப் பேசினேன். ஜூன் மாதத்தில். இரண்டாவது வாடாவில் தைரியம் வந்து, “எங்க ஸ்கூல்ல எல்லா மதமும் ஒண்ணுதாங்க பாய். யாரையும் பிரிச்சுப் பாக்கறதில்ல” என்று ஒரு போடு போட்டேன்.

“ரொம்ப நல்ல விஷயங்க” என்றார். முகம் கதவுபோல் மூடிக்கொண்டது. இருக்காதா பின்னே? முந்தின நாள் புளுகியவன் இன்று வீடு தேடி வந்து அதே பாட்டைப் பெரிய குரலில் பாடினால்?

மூன்றாவது வாடாவை எடுக்கக் கை போனது. கூடத்தில் ஜிப் கர்ரென்று மூடிக்கொண்டது. அந்தப் பெண் நிமிர்ந்து அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா வேறு பக்கம் பார்த்தார். தட்டுக்குப் போன கையை நான் இழுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

எழுந்துவிட்டேன். வந்த வழியிலேயே, தோண்டிப்போட்ட தெருமுனையைத் தாண்டித் திரும்பிப் போக வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது. அந்தத் தெருமுனைதான் காப்பாற்றியது. அதை அப்படியே கேட்டேன். தந்திரம் எதுவும் இல்லை, என் வேலையைப் பற்றிய கேள்விதான்.

“பாய், ஒரு உதவி. சேருறீங்களோ இல்லையோ, அது உங்க விருப்பம். இந்தத் தெருவுல எங்க புள்ளைங்க வேற நாலஞ்சு பேர் இருக்காங்க. முனையில தோண்டிப் போட்டுருக்காங்களே, இனிமே எங்க கோயில் பேட்ச் வண்டி எங்க வந்து நின்னா தோதுப்படும்? நீங்க இந்தத் தெருக்காரர், சொல்லுங்க.”

டீ கிளாசை எடுக்கப்போன பாயின் கை பாதியில் நின்றது.

“கோயில் பேட்ச் வண்டி... இங்க எதுக்குங்க வருது?”

“வேற எங்கங்க போகும்? கோவில்பத்து வண்டி கோவில்பத்துக்குத்தானே வரணும்.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். சிஸ்டர் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் பேசாமல் இருந்து நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆயா, கருக்கு பேட்ச், பத்தைத் தொலைத்த கதை எல்லாம் வாயில் வரிசைகட்டி நின்றன. மூன்றாவது வாடாவை முழுசாக எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

பாய் எழுந்து வாசல்வரை போனார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“முனையில நிறுத்தாதீங்க சார். மழை வந்தா அங்க முழங்கால் தண்ணி நிக்கும். மளிகைக் கடைகிட்ட நிறுத்தச் சொல்லுங்க. அங்கேர்ந்து எங்க வூடு வரைக்கும் வெளக்கு இருக்கு” என்றார். திரும்பி என்னைப் பார்க்காமலே, “நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு அங்க வந்து நிக்கணும்?” என்று கேட்டார்.

“எட்டேகாலுக்கு நின்னா போதுங்க” என்றேன். வாயில் வாடா இருந்ததால் பாதிதான் கேட்டிருக்கும்.

அம்மாதான் பொறுக்க முடியாமல் கதவைவிட்டு வெளியே வந்தார்.

“ஏன் மச்சான், நேத்துலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்களே. என்னன்னு கேட்டா லாத்தா, லாத்தான்னீங்க. இப்ப என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. வண்டி தெருவுக்கே வருதாம். அதை யாரும் நேத்து சரியாச் சொல்லல.”

“நான்தான் சரியாச் சொல்லலங்க” என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

பாய் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். மீசைக்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். நானும் அடக்கிக்கொண்டிருந்தேன். எதைப் பற்றிச் சிரிக்கிறோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. மகள் பெட்டியைச் சாய்த்து, கடகடவென்று உள்ளே உருட்டிக்கொண்டு போய்விட்டாள். முடிவு மாறிவிடும் முன்னால் அதை ஒளித்துவைக்கப் போகிற வேகம்.

பென்ஷன் தாத்தாவின் பேத்தி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அந்த மாதக் கடைசியில் இன்னோர் இடம் காலியானது, அவளும் சேர்ந்தாள். தாத்தா வந்து, “முசியே, யோசிச்சுச் சொல்றோம்னவங்க வந்துட்டாங்களாமே. நான் போன ஊட்டுக்கெல்லாம் திரும்பப் போயிருக்கலாம் போலிருக்கே” என்று வருத்தப்பட்டார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. மறுவாரம் சிஸ்டரிடம் போய், இனிமேல் கோயில் பேட்ச் என்று யாரும் சொல்லக் கூடாது, பத்து பேட்ச் என்று மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னேன். நல்ல யோசனை என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போய், “உம்மா, என்னைப் பத்து பேட்ச்ல போட்டுட்டாங்க” என்று சொல்ல, மறுநாள் காலையில் அவளுடைய உம்மா அலுவலகத்தில். “ஏழாவது புள்ளையைப் பத்தாவதோட சேத்து விட்டா அது எப்படிங்க பாஸாகும்?” அன்றிலிருந்துதான் ஆயா நீட்டி முழக்கி கோவில்பத்து என்று முழுசாகக் கூப்பிட ஆரம்பித்தார். நீங்களும் முழுசாகச் சொல்லுங்கள். நமக்குள் புழங்குகிற குறுக்குச் சொல்லை மேசையைத் தாண்டி அனுப்பாதீர்கள். தாண்டிப் போய்விட்டால், அது யார் வீட்டில் போய் இறங்கியது என்று தேடிக்கொண்டு நீங்களே போங்கள். கொடுத்தால் வாடா சாப்பிடுங்கள். அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தப் பெண் பன்னிரண்டாவது முடித்த வருஷம்தான் நானும் ஓய்வுபெற்றேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளும் அவள் உம்மாவும் வந்தார்கள். என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். எறிபந்துக் கோப்பை ஒன்று சிஸ்டர் அறையில் அவள் பெயரோடு இருக்கிறது, தூசி தட்டும்போது பாருங்கள். சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லா இருக்காங்க சார். அவங்களுக்குத்தான் இனிமே சாயங்காலம் என்ன கேக்கறதுன்னு தெரியாது” என்றார் உம்மா.

“ஏன், என்ன கேப்பாரு?”

அவர் மகளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“ஸ்கூல் உட்டதும் அங்கேர்ந்து தினம் போன் வந்துரும் சார். அங்க வேலை நேரம், நின்னுக்கிட்டே பேசுவாங்க. ஸலாம் சொல்லுவாங்க, அடுத்த வார்த்தை, ‘கோயில் பேட்ச் வந்துருச்சா?’ பக்கத்துல வேலை பாக்கற ஆளுங்க, யாரு பாய் அது கோயில் பேட்ச், தினமும் கேக்குறீங்களேன்னு கேப்பாங்களாம்.”

“என்ன சொல்லுவாராம்?”

“எங்க வூட்டுப் புள்ளதான்னு சொல்லுவாங்களாம்.”